ஒன்பதாம் கட்டிலில் பால்வண்ணத்தின் குரல்

பதினோராம் நாள் காலையில், கஞ்சி குடித்த தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, குடிநோய் மறுவாழ்வு இல்லத்தின் பின்பக்கச் சுவரில் ஏறித் தேரிக்காட்டுச் செம்மணலில் குதித்த பால்வண்ணத்துக்கு, தன் குரல் தன்னோடு குதிக்கவில்லை என்பது, ஒரு மைல் நடந்து பஸ் ஏறி, கண்டக்டர் "எங்க போகணும்?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. வாயைத் திறந்தார். காற்று வந்தது. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடியும் திறந்தார். மறுபடியும் காற்றுதான். முப்பத்தைந்து வருஷமாக உப்பளத்து வாசல்களில் மைக் இல்லாமலே மூன்று அளம் தாண்டிக் கேட்கும்படி பேசிய உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளர், சட்டைப்பையிலிருந்து பழைய துண்டறிக்கை ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் 'அளத்தங்கரை' என்று எழுதி நீட்டினார். கண்டக்டர் அதைப் படித்தார், திருப்பிப் போட்டு 'முதலாளி வர்க்கமே, எச்சரிக்கை!' என்பதையும் படித்தார், பிறகு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

காரணமில்லாமல் ஓடுகிற ஆள் இல்லை பால்வண்ணம். இல்லத்துக் கூடத்தில் சுற்றிய மின்விசிறியில் உபயம் என்று யாரோ ஒருவருடைய பெயர் எழுதியிருந்தது; சுற்றும்போது அது வெறும் சிவப்பு வளையம்தான்; ஒருநாள் கரண்ட் போய் இறக்கைகள் நின்றபோது படித்தார், அது ஓர் உப்பு முதலாளியின் பெயர். அதற்கப்புறம் அந்த விசிறிக் காற்று அவர்மேல் படும்போதெல்லாம் உடம்பு கூசியது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பேசுகிற காலை வட்டத்தில் ஆலோசகர் எஸ்தர், ஒவ்வொருவரும் சொல்வதை நீல நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டு சாயங்காலம் யார் மேஜைக்குப் போகிறது? நோட்டு வைத்திருக்கிற கங்காணிகளை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். போதாக்குறைக்கு அந்த இல்லத்தில் ஒரு நடைமுறை இருந்தது: பதினோராம் நாள் வந்தால், குடித்துவிட்டு அடுத்தவருக்குச் செய்த கெடுதல் ஒன்றை வட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். போலீஸ் லாக்கப்பில் வாய் திறக்காத என்னிடம் வாக்குமூலம் கேட்கிறார்களா, என்று நினைத்தார். சுவர் ஆளுயரம்தான் இருந்தது.

வீட்டு வாசலில் அவரைக் கண்ட மனைவி சண்முகக்கனி, கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"முப்பது நாளுன்னு சொன்னாவ. பதினொண்ணுல வந்து நிக்கிய. கணக்குத் தெரியாதா, இல்ல கதவு தெரியாதா?"

அவர் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: தொண்டை கட்டிவிட்டது.

"நல்லதாப் போச்சு. மூணு நாளைக்கு வீடு அமைதியா இருக்கும்" என்று அவள் உள்ளே போனாள்.

மூன்று நாளில் சரியாகவில்லை. கஷாயத்துக்கும் சரியாகவில்லை, ஊசிக்கும் சரியாகவில்லை. ஊரில் எந்தக் கடையிலும் குரலில்லாத மனிதன் காத்திருக்க வேண்டியிருந்தது. அரசாங்கம் நடத்துகிற சாராயக் கடையில் மட்டும் விரலைக் காட்டினால் போதும், கம்பிக்குப் பின்னாலிருந்து பாட்டில் வந்தது. மக்களின் குரலைக் கேட்காத ஆட்சி, குரலே இல்லாதவனுக்கு இவ்வளவு விரைவாகச் சேவை செய்வதை ஒரு துண்டறிக்கையாக எழுத வேண்டும் என்று முதல் மடக்கில் நினைத்தார். மூன்றாம் மடக்கில் மறந்துபோனார்.

சனிக்கிழமை எஸ்தர் போன் செய்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரரு குரல் இங்கதான் இருக்கு. அவரு படுத்திருந்த ஒன்பதாம் கட்டில்ல. காலையில பேர் கூப்பிட்டா சரியா 'உள்ளேன்'னு சொல்லுது. பிரார்த்தனைக்கு மட்டும் வாய் திறக்காது, அது பழைய கொள்கையாம். பதினோராம் நாள் முறைக்கு, மத்தவங்க சொன்னதை எல்லாம் கேட்டு அழுதுச்சு, தன்னோடதை அப்புறம் சொல்லுதேன்னு தவணை கேட்டிருக்கு. நாளைக்குக் குடும்ப நாள். வாறீங்களா?"

சண்முகக்கனி, "சாப்பிட என்ன கொண்டாரட்டும்?" என்று கேட்டாள்.

"அது ஒண்ணும் சாப்பிடுறதில்லம்மா. நீங்க வந்து பேசுனாப் போதும்."

இப்படித்தான் அந்த விஷயம் அளத்தங்கரைக்குத் தெரிய வந்தது. தெரிந்த பிறகு ஊர் அதை ஒரு புதிய பஸ் ரூட்டை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொண்டது. மாசத்துக்கு ஒருமுறை இல்லத்துக்கு வருகிற டாக்டர், வெறும் தலையணைக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, 'நோயாளியின் குரல். நடுக்கம் குறைந்துள்ளது. நிலை சீர்' என்று எழுதிப் போனார். சுடலைமாடன் கோயில் சாமியாடியிடம் சிலபேர் கேட்டார்கள். அவர் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இது நம்ம டிப்பார்ட்மென்ட் இல்லப்பா, ஆஸ்பத்திரி விவகாரம்" என்று சொல்லித் திருநீறு மட்டும் கொடுத்தார். உப்பு வாருகிற பெண்கள் வார விடுமுறைக்கு இரண்டு இரண்டு பேராக இல்லத்துக்குப் போய், ஒன்பதாம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண் எரிச்சலுக்குக் கறுப்புக் கண்ணாடி கேட்டு யாருக்கு மனு எழுதுவது, பேறுகால விடுப்புக்கு எந்தச் சட்டப்பிரிவு என்றெல்லாம் கேட்டு வந்தார்கள். முன்னாலெல்லாம் அண்ணாச்சியிடம் கேட்டால் அரைமணி நேரம் உலக நிலைமை சொல்லிவிட்டுத்தான் பிரிவைச் சொல்லுவார், இப்போது நேராகப் பிரிவைச் சொல்லுகிறார் என்று அவர்களுக்குள் திருப்தி. ஆனால் பால்வண்ணம் தெருவில் எதிரே வந்தால், குரலை விட்டுவிட்டு வந்த மனிதனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், தண்ணீர்க் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

சங்கத்துக்குத்தான் சிக்கல் வந்தது. பொதுச்செயலாளர் என்பது யார்? நடமாடுகிற ஆளா, பேசுகிற குரலா? தலைவர் அன்னபாக்கியம், இருபது வருஷம் உப்புப் பாத்தியில் நின்று பாதம் வெடித்த பெண், விதிப்புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினாள். புத்தகத்தில் இதற்கு வழியில்லை. செயற்குழு கூடித் தீர்மானம் போட்டது: பொதுச்செயலாளரின் உடல் கை தூக்கலாம், பொதுச்செயலாளரின் குரல் கருத்துச் சொல்லலாம், இரண்டும் முரண்பட்டால் பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படும். தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கியது பால்வண்ணத்தின் உடல் ஒன்றுதான்.

மழைக்கால நிவாரணம் கேட்டு நடந்த வாயிற்கூட்டத்தில் அன்னபாக்கியம் இல்லத்துக்குப் போன் போட்டு, அதை மைக்குக்கு முன்னால் பிடித்தாள். பால்வண்ணம் மேடையில் மடித்த கைகளோடு உட்கார்ந்திருந்தார். ஹார்ன் ஸ்பீக்கரில் அவருடைய குரல் வந்தது.

"தோழர்களே, நான் குடியை விடுறதுக்குச் சிகிச்சையில இருக்கேன். இன்னிக்கு இருபதாவது நாள். உடம்பு கூட இல்லாததுனால எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கு, அவ்வளவுதான். நிவாரண விஷயத்துக்கு வாறேன்."

கூட்டம் கை தட்டியது. பால்வண்ணம் எண்ணிப் பார்த்தார்: இதற்கு முன்னால் எந்தப் பேச்சின் முதல் வரிக்கும் தனக்கு இவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை. அப்போதே அவருக்கு உறுதியாகிவிட்டது. முதலாளிகள் குரலை விலைக்கு வாங்கிவிட்டார்கள். இத்தனை பணிவு ஒரு தொழிலாளியின் தொண்டையில் தானாக விளையாது. இது அந்த மின்விசிறிக்கு அடியில் வைத்துப் பழக்கியது. இன்று நிவாரணம் பேசும், நாளைக்குச் சமரசம் பேசும், நாளை மறுநாள் யார் யார் எங்கே எதைத் திட்டமிட்டார்கள் என்பதைப் பேசும். தன்னிடமுள்ள எல்லா ரகசியங்களும் அதனிடமும் உண்டு. தன்னிடம் இல்லாத ஒன்றிரண்டும் அதனிடம் இருக்கலாம். அந்தக் கடைசி நினைப்பு வந்ததும் மேடையைவிட்டு இறங்கி, விரலைக் காட்டினால் போதும் என்கிற இடத்துக்கு நேராகப் போனார்.

இரண்டாவது குடும்ப நாள் முடிந்து சண்முகக்கனி திரும்பி வந்தபோது, பூ வைத்திருந்தாள். அவருக்கு அதுவும் பொறுக்கவில்லை. என்ன பேசினாய், என்று எழுதி நீட்டினார்.

"என்னத்தப் பேச. சின்னவயசுல நீங்க சைக்கிள்ல வந்து எங்க தெருவுல நோட்டீஸ் போட்டீங்களே, அதைச் சொல்லிச் சிரிச்சுது. நானும் சிரிச்சேன்." அவள் சேலை முந்தியால் முகத்தைத் துடைத்தாள். "அதுக்கு இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்காம். ஞானதுரை விஷயம். அதைச் சொல்லாம விடாதாம். ஆனா அது ரெண்டு பேரு விஷயமாம், நீங்க பக்கத்துல இல்லாம சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிருமாம். அடுத்த ஞாயித்துக்கெழமை அதுக்கு முப்பதாம் நாளு. நீங்க போகலைன்னா, அதுவே வெளிய வந்து சங்கத்துல வச்சுச் சொல்லிருமாம்."

ஞானதுரை என்கிற பெயரை அந்த வீட்டில் ஒன்பது வருஷமாக யாரும் உச்சரித்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஏற்றுமதி லாரிகள் வரிசைகட்டி நிற்கிற நாளாகப் பார்த்து அளத்தில் வேலையை நிறுத்துவதென்று சங்கம் முடிவு செய்தது. எந்த நாள் என்பது பொதுச்செயலாளருக்கும் துணைச்செயலாளர் ஞானதுரைக்கும் மட்டும் தெரியும். குறித்த நாளுக்கு முந்தின காலையில் முதலாளிகள் வெளியூரிலிருந்து மூன்று வண்டி ஆட்களை இறக்கினார்கள். வேலைநிறுத்தம் விடிவதற்கு முன்பே செத்தது. பதினான்கு பெண்களை அதற்கப்புறம் எந்த அளத்திலும் சேர்க்கவில்லை. இரண்டு பேருக்குத் தெரிந்த ரகசியம் வெளியே போனால், தான் இல்லையென்றால் மற்றவன். இந்தக் கணக்கைப் போட்டு 'கருங்காலி யார்?' என்று பால்வண்ணம் ஒரு துண்டறிக்கை எழுதினார். அவர் எழுதியவற்றிலேயே நல்ல துண்டறிக்கை அதுதான். மேடையேறி அதையே முழங்கவும் செய்தார். அன்றிலிருந்து ஞானதுரையின் கையால் யாரும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கவில்லை. பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிற வேலைக்குப் போனான். மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டான், பந்தலுக்குள் ஆள் வரவில்லை.

வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்திருந்த அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் பால்வண்ணத்துக்கு ஞாபகமில்லை. அவர் அதைத் தேடிப் போனதுமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் இல்லத்துக்குத் திரும்பினார். குணமாவதற்காகத் திரும்பினார் என்று யாராவது சொன்னால் அது பொய். குரலைப் பிடித்து, விழுங்கி, வாயை மூடிக்கொண்டு வந்துவிடவே திரும்பினார். முன்வாசல் வழியாகத்தான் போனார். ஏறிக் குதித்து உள்ளே போவது கேவலமாகப் பட்டது.

எஸ்தர் திட்டவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகம். "வாங்க. பாதியில போனவங்க திரும்பி வந்தா ஒண்ணாம் நாள்லேர்ந்து தொடங்கணும், அதுதான் இங்க விதி. ஒன்பதாம் கட்டில்ல ஆள் இருக்கு, உங்களுக்கு நாலாம் கட்டில்" என்றாள்.

"வாரும் அண்ணாச்சி" என்று மூன்றாம் கட்டிலிலிருந்து லாரி டிரைவர் பிச்சையா கையசைத்தார். "நானும் ரெண்டு தரம் சுவரு தாண்டுன ஆளுதான். ஆனா சாமான் எதையும் மறந்து வச்சிட்டுப் போகலை."

கூடம் சிரித்தது. ஒன்பதாம் கட்டிலிலிருந்து, பால்வண்ணத்தின் அதே குரலில், ஒரு சிரிப்பு கடைசியாக வந்து அடங்கியது.

முதல் மூன்று நாள் உடம்பு பழையபடி அவரை உலுக்கி எடுத்தது. கை நடுங்கியது, கட்டில் நடுங்கியது, சுவரில் எறும்புகள் கூட்டம் போட்டுக் கோஷம் எழுப்பின. அந்த மூன்று நாளும் குரல் ஒன்பதாம் கட்டிலைவிட்டு வந்து நாலாம் கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. "இது போயிரும். எனக்கும் போச்சு. தண்ணியக் குடியும்" என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. மயக்கிப் பார்க்கிறது என்று அவர் நினைத்தார். ஆனாலும் தண்ணீரைக் குடித்தார். நடுக்கம் கொஞ்சம் விட்டதும், குரல் பக்கத்தில் இருக்கிற தருணம் பார்த்து வாயை அகலத் திறந்து வேகமாக மூச்சை உள்ளே இழுத்தார். குரல் வரவில்லை, இருமல் வந்தது.

"மெதுவா அண்ணாச்சி," என்றார் பிச்சையா, "கொசு போயிரும்."

நான்காம் நாள், குரலுக்கு இருபத்தெட்டாம் நாள், காலை வட்டத்தில் அது தன் முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டது. பால்வண்ணம் காகிதத்தையும் பேனாவையும் மடியில் தயாராக வைத்திருந்தார். காகிதத்தில் 'பொய்' என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்.

குரல் மேடைத்தொனி எதுவும் இல்லாமல், கிணற்றடியில் பேசுகிறதுபோலச் சொன்னது: "அன்னிக்குச் சாயங்காலம் கடையில அளத்துக் கங்காணி பக்கத்துல வந்து உட்கார்ந்தான். ஒரு குவார்ட்டர் வாங்கி வச்சான். அவன் ஒண்ணுமே கேக்கலை. அதை நான் சொல்லியாகணும், அவன் எதையும் கேக்கலை. 'அண்ணாச்சி, உங்க பேச்சுக்கு நான் எதிர்க்கட்சி, ஆனா ரசிகன். உங்களை மாதிரி பேச இந்தக் கடற்கரையில ஆள் கிடையாது'ன்னான். எனக்குத் தலைகால் புரியலை. வேலைநிறுத்தத்தன்னிக்கு லாரிகளுக்கு முன்னால நின்னு பேசுறதுக்கு ஒரு பேச்சு தயார் பண்ணி வச்சிருந்தேன். அருமையான பேச்சு. அதை யார்கிட்டயாவது பேசிக் காட்டணும்னு நெஞ்சு துடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எந்திரிச்சு நின்னேன். அவன் முன்னாலேயே முழுசாப் பேசிக் காட்டினேன். 'வெள்ளிக்கிழமையாகிய இன்று'ன்னுதான் அந்தப் பேச்சு தொடங்கும். அவன் கை தட்டினான். கண்ணுல தண்ணிகூட வச்சான். நான் இன்னொரு தரம் பேசினேன்."

எஸ்தர் நீல நோட்டை மூடி வைத்திருந்தாள். அவள் இதில் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைப் பால்வண்ணம் பார்த்தார். காட்டிக்கொடுப்பவனை அவர் ஒன்பது வருஷம் ஒவ்வொரு முகத்திலும் தேடியிருக்கிறார், கூலிக்காரன் முகத்தில், கொள்கைக்காரன் முகத்தில், பெண்டாட்டி முகத்தில்கூட. அவன் காசு வாங்கியிருப்பான், பதவி வாங்கியிருப்பான் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். கைதட்டலுக்காக ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்று எந்தத் துண்டறிக்கையிலும் அவர் எழுதியதில்லை. குரல் சொல்லச் சொல்ல அந்தச் சாயங்காலத்தின் உப்புக்காற்று முகத்தில் அடித்தது, ஈரமேஜை தெரிந்தது, தான் எழுந்து நின்றபோது நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. மடியிலிருந்த காகிதத்தை அவர் நான்காக மடித்தார். யாருக்கும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குரலுக்கு முப்பது நாள் நிறைந்தது. மாலை போட இடமில்லாததால் ஒன்பதாம் கட்டிலின் கம்பிக்கு மாலை போட்டார்கள். சண்முகக்கனி வந்திருந்தாள். எங்கே போகப் போகிறாய் என்று எஸ்தர் கேட்டதற்கு, "அவிய சொல்லுத எடத்துக்கு" என்றது குரல். எல்லாரும் பால்வண்ணத்தைப் பார்த்தார்கள். சங்கத்துக்குப் போகாதே, இங்கேயே கிட, என் வாய்க்குள் வா, எதை வேண்டுமானாலும் அவர் எழுதியிருக்கலாம். நீண்ட நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஞானதுரையின் வீட்டு விலாசத்தை எழுதி, மனைவி கையில் கொடுத்தார். அவள் அதைப் படித்தாள், இடுப்பில் செருகிக்கொண்டாள், முன்வாசல் வழியாகக் குரலைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். செம்மண் பாதையில் ஒருத்தி மட்டும் போவது தெரிந்தது; இரண்டு பேர் பேசிக்கொண்டு போவது அவருக்குக் கடைசிவரை கேட்டது.

அவருக்கு ஆறாம் நாள் அது. பிறகு ஏழாம் நாள் வந்தது, எட்டாம் நாள் வந்தது. ஞானதுரை என்ன சொன்னான் என்று செய்தி இல்லை. பதினோராம் நாளும் வந்தது. தன் முறைக்கு எழுந்து நின்றார், வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது, உட்கார்ந்தார். சுவர் அதே உயரத்தில்தான் இருந்தது.

பதின்மூன்றாம் நாள், குடும்ப நாளில், ஞானதுரை வந்தான். காற்றடிக்கிற வேலையின் கறுப்பு மசி நகங்களில் இருந்தது. கொடுத்த நாற்காலியில் உட்காராமல் நாலாம் கட்டிலுக்கு எதிரே நின்றான்.

"உம்ம குரல் வந்துச்சுவே" என்றான். "ஏழு நாளா எங்க வீட்டு அடுப்படியில கிடக்கு. எல்லாத்தையும் சொல்லிச்சு. எம் பொஞ்சாதி அழுதா, எம் மவ அழுதா. அன்னபாக்கியம் வந்து கேட்டுட்டு, சங்கத்துல தீர்மானம் போடுவோம்னு சொல்லிட்டுப் போயிருக்கா. எல்லாரும் நம்பிட்டாவ."

அவன் கொஞ்சம் குனிந்து பால்வண்ணத்தின் முகத்தைப் பார்த்தான்.

"நான் நம்பலை. ஏன்னு கேளும். அது நல்லாப் பேசுது, அதான். எந்த எடத்துல நிறுத்தணும், எந்த எடத்துல தழுதழுக்கணும்னு அதுக்குத் தெரியுது. ஒன்பது வருஷத்துக்கு முன்னாலயும் இந்தக் குரல்தான் மேடையில நின்னு என்னைக் கருங்காலின்னு சொல்லிச்சு. அன்னிக்கும் நல்லாத்தான் பேசிச்சு. நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன், நாமதான் சொல்லியிருப்பமோன்னு. எனக்கு அந்தக் குரல் வேண்டாம். அதை நீரே வச்சுக்கிடும், இல்ல, தூரப் போடும். உம்மகிட்ட வேற என்ன இருக்கு?"

பால்வண்ணம் காகிதத்துக்குக் கை நீட்டினார். ஞானதுரை அதை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"எழுதுறதும் வேண்டாம். உம்ம எழுத்தையும் நான் படிச்சிருக்கேன்."

பால்வண்ணம் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். காற்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மேடை இல்லாமல், கூட்டம் இல்லாமல், வயிற்றின் அடியிலிருந்து தள்ளினார். காய்ந்த தரையில் உப்பு வாரும் பலகையை இழுத்ததுபோல ஒரு சத்தம் கரகரத்து வந்தது; அதில் முழுசாக ஒரு வார்த்தைகூட இல்லை; 'நான்' என்பதுபோல ஒன்று இருந்தது, 'தான்' என்பதுபோல ஒன்று இருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் இவ்வளவு அசிங்கமான சத்தத்தை அவர் யாரையும் கேட்க வைத்ததில்லை.

ஞானதுரை தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தான்.

"கேக்கலை" என்றான். "இன்னொரு தரம் சொல்லும்."